வேல் இறங்கும் முன்

பகல் பதினொன்று இருபத்தைந்துக்கு அந்தக் கோயிலில் வண்டியை நிறுத்தாமல் போனேன். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த ரயில் எத்தனை நிமிஷம் தாமதம் என்று திருச்சி ரயில்வே ஆபீஸில் உட்கார்ந்து பதினெட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறவன் நான். எது நடந்தாலும் முதலில் என் கண் கைக்கடிகாரத்தின் பக்கம் திரும்பிவிடும். அன்றைக்கும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

துறையூருக்கு அப்பால், சமவெளி முடிந்து மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடம் அது. காரின் பின்சீட்டில் என் மூத்த மகள் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொரு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்தவள். மலைமேல் இருந்த சர்க்கார் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. குறிப்பிட்ட தேதி மாலைக்குள் சேராவிட்டால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று ஆர்டரில் எழுதியிருந்தது. அந்தத் தேதிதான் அன்று.

அதைக் கடைசி நாளாக ஆக்கியவனும் நான்தான். ஆர்டர் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்றேன். அப்புறம் ஓர் அஷ்டமி வந்தது, ஒரு நவமி வந்தது. உண்மையில் அவளை அங்கே அனுப்ப எனக்கு மனசில்லை. அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால் பஞ்சாங்கத்தைச் சொல்ல வைத்தேன். அவள் தினமும் ஆர்டரை எடுத்துப் படித்துவிட்டு மறுபடி உறையில் போட்டு வைத்தாள்.

"துறையூருக்கு ஒரு பஸ், அங்கேர்ந்து மலைக்கு ஒரு பஸ். நானே போயிக்கறேன்ப்பா" என்றாள்.

"வயசுப் பொண்ணு தனியா மலை பஸ்லயா? வாசல்ல கார் நிக்கறப்போ?" என்றேன்.

கார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ரிட்டயராகிச் சொந்த ஊருக்குப் போன மேலதிகாரி ஒருவர் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன பழைய வண்டி. நாற்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் இருந்து காவிரிப் பாலம் தாண்டி ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு. அவ்வளவுதான் என் ஓட்டம். ஆனாலும் தெருவில் கார் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டில் ஒருவனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஏழரைக்கே அவள் தயாராகிவிட்டாள். திங்களன்று ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளும் காரில் ஏறியபின் ஒன்றரை மணி நேரம் வாசலில் உலாத்திக்கொண்டிருந்துவிட்டு, ஒன்பது அடித்துக் கிளம்பினோம். இரண்டாவது மகளுக்கு அன்று பரீட்சை. அதனால் என் மனைவி வரவில்லை. கொள்ளிடம் தாண்டி, மண்ணச்சநல்லூர், புலிவலம் என்று சாலை நேராகவே போயிற்று. நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவேன். பெடல் காலுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

மலையடிவாரத்துக் கோயில் பெரிதல்ல. தகரக் கூரை, உள்ளே ஒரு கல், பக்கத்தில் புளியமரம். மரத்தடியில் இரண்டு மாட்டு வண்டிகளும் மளிகைச் சரக்கு ஏற்றிய ஒரு வேனும் நின்றிருந்தன. ஆட்கள் இறங்கி பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் காரைப் பார்த்ததும் பூசாரி ஒரு கையில் தட்டோடு சாலை நடுவுக்கு வந்து மறு கையைத் தூக்கினார்.

"வேலு இன்னும் எறங்கலீங்க. நில்லுங்க."

மகள் முன்னால் குனிந்து, "அப்பா, எல்லாரும் நிக்கறாளே. என்னன்னு கேட்டுண்டு போலாமே" என்றாள்.

"நமக்கு இதெல்லாம் வழக்கமில்லை. நின்னா தட்டை நீட்டுவான். விபூதி வேண்டாம்னு சொன்னா அவனுக்கும் மனசு சங்கடப்படும். நிக்காம போறதுதான் மரியாதை."

இதைச் சொன்னபோது எனக்கு நானே பண்புள்ளவனாகத் தெரிந்தேன். எங்கள் குடும்பத்தில் ரங்கநாதனைத் தவிர வேறு சந்நிதியில் கை கூப்புவதில்லை. விபூதி பூசுவதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படி. வேல் இறங்கவில்லை என்றால் ஏதோ பூஜை முடியவில்லை, அது அவர்கள் பாடு என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பூசாரியைச் சுற்றிக்கொண்டு போனேன். பின்னால் யாரோ கத்தினார்கள். கண்ணாடியில் பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டுவது தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் ராகு காலத்துக்காக வாசலில் நின்றவனுக்கு அங்கே பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு சுலபமாகவே வந்தன. இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. "பாத்தியா, ஒண்ணுமில்லை" என்றேன். அவள் திரும்பிக் கோயில் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலை ஒரு வண்டிக்குத்தான் அகலம். வலப்பக்கம் மலைச் சரிவு. இடப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு அடுக்கிய கற்கள், சில இடத்தில் அதுவும் இல்லை. அதற்குக் கீழே மரங்களின் உச்சி. வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கோயில் வீதிகளில் ஹாரன் அடித்துப் பெரியவர்களை நகரச் சொல்வதில் எனக்குக் கூச்சம் உண்டு. அந்தக் கூச்சத்தையும் மலைக்குக் கொண்டுபோயிருந்தேன்.

ஐந்தாவது வளைவு திரும்பியதும் எதிரே மூங்கில் லாரி நின்றது. அந்த டிரைவர் பிரேக் போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் இடம்தான் மிச்சம். லாரியின் முன்பக்கம், கண்ணாடிக்கு மேலே, ஒரு சிறிய இரும்பு வேல் கயிற்றால் கட்டியிருந்தது.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு.

"கோயில்ல நிக்கலீங்களா?"

"எங்களுக்கு அந்த வழக்கமில்லை" என்றேன்.

"வழக்கத்துக்கு யாருங்க நிக்கிறாங்க? மேல சமதளத்துல இருந்து கீழ கோயில் வரைக்கும் ஒத்தை வண்டிப் பாதை. வேலு யார்கிட்ட இருக்கோ அவங்கதான் இதுல வரணும். நான் கொண்டுபோய்ப் பூசாரி கையில குடுத்தாத்தான் கீழ நிக்கறவங்க அதை வாங்கிட்டு ஏறுவாங்க. சொல்லியிருப்பாரே அவரு?"

சொல்லியிருந்தார். ஒற்றைத் தண்டவாளப் பாதையில், எதிரே வண்டி இல்லை என்பதற்கு அத்தாட்சியாக டிரைவர் கையில் கொடுக்கும் டோக்கன் இல்லாமல் ரயில் ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாது. அந்த விதியை மீறியவர்களுக்குப் போகும் விளக்கம் கேட்கும் கடிதங்களை என் கையால் எழுதியிருக்கிறேன். அதே டோக்கனை இரும்பு வேலாகச் செய்து ஒரு பூசாரி கையில் கொடுத்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சுமை வண்டியைப் பின்னால மேல ஏத்த முடியாது. நீங்கதான் எடுக்கணும். நாலாவது வளைவுல ஒதுங்க இடம் இருக்கு. மெதுவா பின்னால வாங்க. என் ஆளு கை காட்டுவான்" என்றார் டிரைவர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பின்னால் ஓட்டத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் அதற்குத் தேவையே வரவில்லை. வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரமாக ஓடுகின்றன. வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் ஒரு சுற்றுப் பிரதட்சிணமாக வந்து மறுபடி வாசலில் நிறுத்திவிடலாம். நான் அப்படித்தான் செய்வேன். ஆபீஸிலும் உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல். ஒன்றரை வருஷத்தில் பத்துத் தடவை ரிவர்ஸ் கியர் போட்டிருந்தால் அதிகம். அதுவும் சமதரையில்.

அதை அந்த டிரைவரிடம் சொல்லியிருக்கலாம். "எனக்கு வராது, நீங்க எடுத்துக் குடுங்க" என்று ஒரு வார்த்தை போதும். பின்னால் மகள் இருந்தாள். அவளுக்கு எதிரில் எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. அவளை முதலில் இறங்கச் சொல்லவும் தோன்றவில்லை.

லாரியின் சுமையாள் காருக்குப் பின்னால் போய் நின்று கை காட்டினான். இப்படி என்றால் எந்தப் பக்கம் என்று எனக்குப் புரியவில்லை. வண்டி நான் நினைத்ததைவிட வேகமாக உருண்டது. பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். இடப்பக்கக் கற்கள் சரியும் சத்தம் கேட்டது. பின்சக்கரம் ஒன்று ஓரத்தைத் தாண்டி இறங்கியது. கார் இடப்பக்கம் பின்னால் சாய்ந்தது, முன்கண்ணாடியில் சாலை போய் வானம் தெரிந்தது.

அப்போது நான் கதவைத் திறந்து குதித்தேன்.

இதை வேறு மாதிரி எழுத முடியுமா என்று பல நாள் பார்த்துவிட்டேன். முடியவில்லை. யோசித்துச் செய்யவில்லை என்பது நிஜம். யோசிக்காமல் செய்ததுதான் இன்னும் மோசம் என்று இப்போது படுகிறது. உள்ளங்காலில் தார் சுட்ட பிறகுதான் அவள் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. பிரேக்கிலிருந்து என் கால் போனதும் கார் இன்னும் ஒரு முழம் சறுக்கி, அடிப்பாகம் கற்களில் உரசி நின்றது.

சுமையாள்தான் பாய்ந்து வந்து மேலே இருந்த பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை உருட்டிக் கொடுத்தான். டிரைவரும் லாரியில் வந்த இன்னொருவரும் காரின் முன்பம்பரில் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுத்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கும் மலைப்பக்கக் கதவுக்கும் நடுவில் டிரங்குப் பெட்டியும் படுக்கையும் இருந்தன. இடப்பக்கக் கதவுக்கு வெளியே தரை இல்லை.

"அம்மா, பெட்டியைத் தொடாதீங்க. எழுந்து நிக்காதீங்க. முன்சீட்டு மேல மெதுவா ஊர்ந்து இந்தக் கதவு வழியா வாங்க" என்று டிரைவர் சாதாரணக் குரலில் சொன்னார்.

அவள் அப்படியே செய்தாள். ஆர்டர் இருந்த உறையைப் பல்லில் கடித்துக்கொண்டு முன்சீட்டின் முதுகில் ஏறினாள். கார் ஒரு தடவை அசைந்தது. அவள் அசையாமல் இருந்து, பிறகு மறுபடி ஊர்ந்தாள். என் சீட்டுக்கு வந்ததும் குனிந்து எதையோ எடுத்தாள். சுமையாள் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

நேராக என்னிடம் வந்தாள். கையில் என் செருப்பு இருந்தது. அதை என் காலடியில் போட்டாள்.

"தரை சுடும்ப்பா. போட்டுக்கோங்கோ."

நான் அவளைத் தொடப் போனேன். அவள் விலகவில்லை. உறையில் பதிந்த பல்தடத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கார் அங்கேயே கிடக்கும் வரை லாரியும் நகர முடியாது. சுமையாள் கீழே ஓடிப் போய்ச் சொன்னதும், கோயிலில் நின்ற மாட்டு வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு ஏறி வந்தார்கள். மூங்கிலை நெம்புகோலாகக் கொடுத்து, கயிறு கட்டி, இரண்டு ஜோடி மாடுகள் முன்னால் இழுக்க, காரைச் சாலைக்கு ஏற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. வேலைக்கு நடுவே பேச்சும் நடந்தது.

"சாமி நல்லா எறங்குறாரு. வண்டியை எறக்கத்தான் தெரியலை" என்றார் வண்டிக்காரர்களில் ஒருவர். அவர் நான் குதித்ததைப் பார்க்கவில்லை. அதற்குள் அந்தச் செய்தி அவருக்குப் போயிருந்தது.

"விடுய்யா. மொதல்ல எறங்கி வழி பார்த்திருக்காரு" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். லாரி டிரைவர் சிரிக்கவில்லை. "உசுரு பதர்றப்போ யாருக்கும் கால் சொன்ன பேச்சு கேக்காது. சும்மா இருங்கப்பா" என்றார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. மகள் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

கார் ஏறியதும் டிரைவரே அதை ஓட்டினார். தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி நாலாவது வளைவு வரை கொண்டுபோய் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வேல் கட்டிய லாரி எங்களைத் தாண்டி இறங்கிப் போயிற்று. சிறிது நேரம் கழித்துச் சரக்கு வேன் ஏறி வந்தது. அதன் முன்னால் இப்போது அந்த வேல் இருந்தது. வேன்காரர் வண்டியை மெதுவாக்கி, "மேல வர்றீங்களா?" என்று கேட்டார். உட்கார இடமில்லாமல் மூட்டைகள் இருந்தன. பெட்டி வேறு இருந்தது. மகள், "நான் மட்டும் நின்னுண்டே போயிடறேன்ப்பா" என்றாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அப்போதும் எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. வேன் போனபின் மணி பார்த்தேன். மூன்றே கால். பள்ளிக்கூடம் இன்னும் ஆறு மைல். அவளும் என் கடிகாரத்தைப் பார்த்தாள். உறையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். வேலை போய்விட்டது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. பத்து நாளாக நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டது அதுதான். கிடைத்தபோது அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்து நான் சொன்ன கதை வேறு. லாரிக்காரன் வேகமாக வந்தான், ஓரத்தில் கல் சரிந்தது, இருவரும் இறங்கித் தப்பித்தோம் என்றேன். கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் அதை இன்னும் கொஞ்சம் வளர்த்து, நான் மகளை இழுத்து வெளியே எடுத்ததாகவே சொல்கிறார்கள். அவள் பக்கத்தில் இருந்தால் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. காரை விற்றுவிட்டேன். சாய்வாக எது நின்றாலும், சைக்கிள் ரிக்ஷாவானாலும், இன்னும் நான் எட்டிப் போய் நின்றுகொள்கிறேன்.

ஆனால் அந்த நாள் மூன்றே காலோடு முடியவில்லை. நாலாவது வளைவுக்கு மேலே ஒற்றையடிப் பாதை ஒன்று மரங்களுக்குள் போகிறது. மத்தியானம் விறகுக் கட்டுடன் இரண்டு பெண்கள் அதில் ஏறிப் போனதைப் பார்த்திருந்தேன். அவர்கள் மேலே போய்ச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். நாலு மணிக்குச் சற்று முன்னால் அந்தப் பாதையில் மூன்று பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் மெலிந்த மனிதர், வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. கக்கத்தில் குடை, கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. பின்னால் இருவர் சுமை தூக்க வந்தவர்கள்.

"நீங்கதானேம்மா புது டீச்சர்? நான்தான் ஹெட்மாஸ்டர். குறுக்கு வழியில வந்தா மூணு மைல்தான். அடி ஒண்ணும் படலையே?"

"படலை சார்" என்றாள் மகள்.

அவர் துண்டை அவிழ்த்தார். உள்ளே பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரும் பேனாவும் இருந்தன. காரின் பானெட்டில் தூசியைத் துடைத்துவிட்டு ரிஜிஸ்டரைப் பிரித்து வைத்தார்.

"இன்னிக்குத் தேதியில கையெழுத்துப் போடுங்க. இங்கயும் மலைதானே. எந்த வளைவுல நின்னு போடணும்னு ஆர்டர்ல எழுதலை."

அவள் சிரித்தாள். அன்று முதல் தடவையாக. முழுப் பெயரையும் எழுதி, மை காயும்வரை ஊதினாள். சுமையாட்கள் பெட்டியையும் படுக்கையையும் தலைக்கு ஏற்றினார்கள். மாலை பஸ்ஸில் என்னைத் துறையூருக்கு ஏற்றிவிட ஆள் வருவார், காரை நாளைக்கு டிரைவர் வைத்து எடுக்கலாம் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கமாக இருந்திருக்க வேண்டும். அருகே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் எங்கள் இருவரையும் பார்த்தபடி நின்றாள்.

"மனசை விடாதீங்க சார். நல்ல வேளை, நீங்க கூட வந்தீங்க. பொம்பளைப் புள்ளை தனியா பஸ்ல வந்திருந்தா என்ன ஆயிருக்கும், சொல்லுங்க."